பெருக்கமோ, தெளிவோ?

காண்டல் வேறு, நோக்கல் வேறு. கண் படைத்தார் யாவரும் காண்பர். கண்ட பொருளின்மேல் மனத்தை நிறுத்தி, அதன் நிறமும் வடிவும் செயலும் இன்னவென்று உணர்ந்தவரே நோக்கினவர் ஆவர். நம் பண்டைப் புலவர் பறவைகளை நோக்கினவர். குறுந்தொகையுள் கபிலர், நீர்க்கரையில் மீனுக்காகக் காத்து நின்ற குருகின் கால்களைத் தினைத் தண்டுக்கு ஒப்பிட்டார். அவற்றின் மெலிவோடு பசுமையையும் குறித்தார். சத்திமுற்றப் புலவர் நாரையின் காற்செம்மையைச் சொன்னதோடு அமையாது, அதன் அலகு பிளந்த பனங்கிழங்கை ஒக்கும் என்றும் கண்டு கூறினார். காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் கொண்டே இற்றைநாட் பறவை நூலாரும் ஒரு பறவையை மற்றொன்றினின்று பிரித்தறிகின்றனர். புலவரும் நூலாரும் இவ்விடத்து ஒருவழியே சென்றனர் என்பது தமிழ் பயிலும் எனக்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று.

இம்முன்னுரை எதற்கெனிற் கூறுவேன். நமது கல்லூரியின் இயற்கை மன்றத்துக்குப் பழைய மாணவர் சிலர் இவ்வாண்டு ரூ.80,000 அன்பளிப்பாக வழங்கியுள்ளனர். பறவை காண்பதற்குரிய பைனாகுலர், அதாவது இரு கண்ணாலும் ஒருங்கே நோக்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடி, வாங்குவதற்கென்றே அப்பொருள் அளிக்கப்பெற்றது. அதனை எவ்வாறு செலவிடுவது என்று ஆராயக் கூடிய கூட்டத்தில் மூன்று கட்சிகள் எழுந்தன. முழுத்தொகைக்கும் மிக உயர்ந்ததாக ஒன்றே வாங்குக என்றனர் முதற் கட்சியார். ரூ.1,500 விலையில் ஐம்பது வாங்கி ஆளுக்கொன்று கொடுக்க என்றனர் இரண்டாங் கட்சியார். ரூ.20,000 அளவில் நடுத்தர விலையுடையன நான்கு வாங்குக என்பது மூன்றாங் கட்சி. இக்கட்சியில் நின்றவர் மிகச் சிலரே. அவருள் யானும் ஒருவன். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. முடிவு வருமாண்டின் தொடக்கத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று இரைச்சலிடையே முற்றக் கூற இயலாதவற்றை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

முதற்கண் என் அறியாமையை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். யான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது, விடுதிச் செலவுக்கென என் தாயார் தந்த பொருளிற் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்த ரூ.1,400 கொண்டு, இணையவழிக் கடையொன்றில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். ஐம்பது மடங்கு பெரிதாக்கும் என்று அதன் பெட்டிமேற் பொன்னெழுத்திற் பொறித்திருந்தனர். முன்வில்லைகள் மாணிக்கம்போற் சிவந்து ஒளிர்ந்தன. அதைக் கண்டு மயங்கியவன், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூந்தன்குளத்துக்குச் சென்றேன்.

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில் உள்ளது. 1994ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற அக்குளம், 2022ஆம் ஆண்டு ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. மஞ்சள் மூக்கு நாரை முதலிய பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிற் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றைத் தம் பிள்ளைகளேபோற் பேணுகின்றனர். பனிக்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் அக்குளத்துக்கு வருவதுண்டு. அவற்றைக் காணவே யான் சென்றேன்.

கரையில் நின்று கண்ணாடியை உயர்த்தினேன். தொலைவில் ஏதோ சாம்பல் நிறத் திரள் ஒன்று நடுங்கிற்று. சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பினேன்; ஒரு வாத்து இரண்டாயிற்று, இரண்டும் ஒன்றாக மறுத்தன. கால் மணி நேரத்துக்குள் நெற்றி நொந்தது. அருகே தம் பேரனோடு நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "என்ன தம்பி, பறவை பார்க்க வந்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்?" என்றார். என் கருவியை வாங்கி ஒருமுறை நோக்கினார். ஒன்றும் சொல்லாது திருப்பித் தந்தார். பின் தம் கழுத்திற் கிடந்த, தோலுறை தேய்ந்த பழைய பைனாகுலரைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன்மேல் எட்டு என்ற எண்ணே இருந்தது. "ஐயா, எட்டு மடங்குதானா?" என்றேன். "எட்டுப் போதும், பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். வாத்தின் வெண்டலையின் பின்புறத்தே இரண்டு கரும்பட்டைகள் இருந்தன, அவற்றை எண்ணினேன். அலகும் காலும் மஞ்சளாக இருந்தன. அலகின் நுனி மட்டும் கறுத்திருந்தது. ஒரு வாத்து தலையைத் திருப்பியபோது அதன் கழுத்தில் நீர்த்துளி வழிந்ததையும் கண்டேன். ஐம்பது காட்டாததை எட்டுக் காட்டிற்று. அதற்குக் காரணம் யாதென்று அன்று முதல் ஆராய்ந்தேன். நண்பரும் நூல்களும் உதவக் கண்டறிந்ததன் சுருக்கம் இதுவே: பறவை காண்பார்க்கு வேண்டுவது பெருக்கம் அன்று, தெளிவு.

இனி அதனை விளக்குவேன். ஒவ்வொரு பைனாகுலரின்மீதும் 8×42, 10×42, 8×30 என்பனபோல ஈரெண்கள் இருக்கும். முன்னெண் எத்தனை மடங்கு அண்மையிற் காட்டும் என்பதைக் குறிக்கும். பின்னெண் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். பின்னெண்ணை முன்னெண்ணால் வகுத்தால் வருவது, கருவியினின்று புறப்பட்டுக் கண்ணுள் நுழையும் ஒளிவட்டத்தின் அகலம் ஆகும். 42ஐ 8ஆல் வகுக்க 5.25 மில்லிமீட்டர், 10ஆல் வகுக்க 4.2. நண்பகல் வெயிலில் நம் கண்மணி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அளவே திறந்திருக்கும். இருளில் இளைஞர்க்கு ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். பறவைகள் மிகுதியாக நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். அவ்வேளையில் ஐந்து மில்லிமீட்டர் ஒளிவட்டம் தரும் கருவி நிறத்தை நிறமாகக் காட்டும். ஐம்பது மடங்கு பெரிதாக்குவதாகச் சொல்லும் கருவிக்கு ஐம்பது மில்லிமீட்டர் முன்வில்லையே இருப்பினும், ஒளிவட்டம் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் வழியே காண்பது இருட்டறையின் சாவித்துளை வழியே காண்பதை ஒக்கும்.

மற்றொரு குறையும் உண்டு. கருவி பறவையைப் பெரிதாக்குங்கால் நம் கையின் நடுக்கத்தையும் அதே அளவிற் பெரிதாக்கும். தாங்கியின்றிக் கையிற் பிடித்துக் காண்பார்க்கு எட்டு மடங்கு எளிது. பத்து மடங்கு பழகினார்க்கு இயலும். அதற்குமேற் செல்வது பெரும்பாலும் நடுக்கத்தை விலைகொடுத்து வாங்குவதாகவே முடியும். பார்வைப் பரப்பும் குறையும். சான்றாக நிக்கான் நிறுவனத்தாரின் மோனார்க் எம்5 என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். அதன் 8×42 கருவி ஆயிரம் மீட்டர்த் தொலைவில் ஏறத்தாழ 112 மீட்டர் அகலத்தைக் காட்டும். 10×42 கருவி 98 மீட்டரே காட்டும். இலைச்செறிவில் தாவும் தேன்சிட்டைப் பின்தொடர்வார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பரப்புக் குறைந்த கருவியில் நாம் கிளையைத் தேடிப் பிடிக்குமுன் பறவை பறந்துவிடும்.

ஆகவே பறவை காண்டல், மலைநடை, கடற்கரை உலா ஆகிய அனைத்துக்கும் ஒரே கருவி வேண்டுமெனில் 8×42 என்பதே நன்று. ஏரியின் நடுவே தொலைவில் மிதக்கும் பறவைகளையே மிகுதியாகக் காண்பார் 10×42 கொள்ளலாம். நெடுந்தொலைவு நடப்பார், எடைக்கு அஞ்சுவார் 8×30 அல்லது 8×32 கொள்ளலாம். அந்தியொளியிற் சிறிது இழப்பர். பெருக்கத்தை விருப்பம்போற் கூட்டிக் குறைக்கும் கருவிகளை விலக்குதல் நலம். நடுத்தர விலையில் அவை எந்நிலையிலும் தெளிவாக இருப்பதில்லை.

நிற்க. எண்கள் ஒன்றாயிருக்க, ஒரு கருவி ரூ.1,500க்கும் மற்றொன்று ரூ.20,000க்கும் வேறொன்று இலட்சத்துக்கு மேலும் விற்பது ஏன் என்று வினவலாம். அவ்வேறுபாடு கண்ணாடியிலும் அதன் மேற்பூச்சிலும் வேலைத்திறனிலும் உள்ளது. இதனை உணரச் சிறிது பழங்கதை வேண்டும். இத்தாலியராகிய இக்னாசியோ போரோ 1854இல், தலைகீழாய் விழும் பிம்பத்தை முப்பட்டகங்களால் நேராக்கும் முறைக்கு உரிமை பெற்றார். செருமனியின் ஜேனா நகரத்துச் சைஸ் நிறுவனத்தார், எர்ன்ஸ்ட் ஆபேயின் ஆராய்ச்சித் துணைகொண்டு, 1894இல் அம்முறையமைந்த பைனாகுலர்களை விற்பனைக்குக் கொணர்ந்தனர். முன்வில்லைகள் அகன்றும் கண்வில்லைகள் நெருங்கியும் தோள்போல் மடிந்த வடிவுடையவை இப்போரோ வகையின. குழல்கள் நேராக அமைந்தவை கூரைப்பட்டக வகையின; இக்காலத்து மிகுதியாக விற்பவை இவையே.

பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வாறே வீணாகும்; அதுவுமன்றி, உள்ளே சிதறிய ஒளி பிம்பத்தின்மேல் வெண்புகைபோற் படியும். 1935இல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா என்பார் இதனைத் தடுக்கும் மெல்லிய மேற்பூச்சைக் கண்டறிந்தார். கூரைப்பட்டக வகையிலோ வேறொரு குறை இருந்தது. ஒளி இரு கூறாகப் பிரிந்து சென்று மீளச் சேருங்கால் அதன் அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் நுண்விவரம் மங்கிற்று. அதனைத் திருத்தும் பூச்சு 1988இல் வெளிவந்தது. முன்னாளில் பெருஞ்செல்வர் வாங்கும் கருவிகளுக்கே உரியனவாயிருந்த இப்பூச்சுகள் இன்று நடுத்தர விலைக் கருவிகளிலும் உள்ளன. நடுத்தரத்தை யான் வேண்டுவதற்கு முதன்மையான காரணம் இதுவே. மலிவான கருவிக்கும் நடுத்தரக் கருவிக்கும் இடையே உள்ள வேறுபாடு, காணாமைக்கும் காண்டலுக்கும் உள்ள வேறுபாடு. நடுத்தரத்துக்கும் மிக உயர்ந்ததற்கும் உள்ளதோ, நன்றாகக் காண்டலுக்கும் இன்னுஞ் சிறிது நன்றாகக் காண்டலுக்கும் உள்ள வேறுபாடே.

இனி முதற் கட்சியாரை நோக்கிச் சில சொல்வேன். உயர்ந்த கருவியின் சிறப்பை யான் மறுக்கவில்லை. அதன் பிம்பம் ஓரம்வரை கூர்மையாயிருக்கும், மங்கிய ஒளியிலும் நிறம் குன்றாது, பல்லாண்டு உழைக்கும். தாமே பொருளீட்டித் தமக்கென வாங்குவார் அதனை வாங்குக. மன்றத்தின் நிலை வேறு. நம் மன்றத்தில் முப்பதின்மர் வெளியே செல்கின்றோம். மரக்கிளையில் ஒரு பறவை நிற்பது எத்துணை நேரம்? பத்து நொடி நின்றால் நம் பேறு. ஒரு கருவி முப்பது கைகளுக்குச் செல்லுமுன் இருவரே கண்டிருப்பர். எஞ்சிய இருபத்தெண்மர் வெறுங்கிளையைக் காண்பர். அந்த இருவரும் யாராயிருப்பர்? முன்னே நிற்கத் துணிவுடையோராகவே இருப்பர். அன்றியும், ஒன்றேயாகிய விலைமிக்க பொருள் பழுதுறுமோ என்னும் அச்சத்தால் அலமாரியுள்ளே அடைபட்டுக் கிடக்கும். அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது என்று தேடுவதிலேயே விடியற்பொழுது கழியும். நம் துறைகளின் அலமாரிகளைத் திறந்து பார்த்தவர்க்கு யான் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாங் கட்சியாரின் உள்ளம் பெரிது. அவர் கேட்பது சமத்துவம். ஆயினும், பயனற்ற பொருளை யாவர்க்கும் சமமாகப் பகிர்வதால் எவர்க்கும் நன்மை விளையாது. பைனாகுலரின் இரு குழல்களும் ஒரே திசையை இம்மியும் பிறழாது நோக்குதல் வேண்டும். பிறழ்ந்தால் மூளை இரு பிம்பங்களையும் ஒன்றாக்க முயன்று களைத்துப்போம், கண் கூசும், தலை நோகும். என் ரூ.1,400 சென்ற வழி அதுவே. பொருளிழப்பையும் பொறுக்கலாம். முதன்முறை பறவை காணச் செல்லும் மாணவன் இத்தகைய கருவியால் ஒன்றுங் காணாது மீள்வானாயின், "பறவை காண்டல் நமக்காகாது" என்று முடிவு செய்துவிடுவான். கருவியின் குறையைத் தன் குறையாகக் கொள்வான். அன்று அவ்வாசிரியர் அக்கரையில் இல்லாதிருந்தால் யானும் அவ்வாறே முடிவு செய்திருப்பேன். ஐம்பது மலிந்த கருவிகள் ஐம்பது மாணவரைப் பறவைகளினின்று பிரித்துவிடக் கூடுமென்பதே என் அச்சம்.

ஒன்று மட்டும் அவர்க்கு உடன்படுவேன். கையிற் பொருள் மிகக் குறைந்தவர்க்கும் வழியுண்டு. கூரைப்பட்டகத்தை நுட்பமாகக் கடைவதற்கு ஆகும் செலவு போரோ வகைக்கு இல்லை. ஆதலின் பெயர்பெற்ற நிறுவனத்தார் செய்த 8×40 அளவுள்ள போரோ வகைக் கருவி, அதே விலையுள்ள கூரைப்பட்டகக் கருவியினும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அது பருமன் மிக்கது, மழைக்கும் பெரும்பாலும் தாங்காது, எனினும் காட்டும்.

தமிழ்த் துறை நண்பர் ஒருவர் வேறொரு தடை எழுப்பினார்: "கபிலர் எந்தக் கண்ணாடி கொண்டு குருகின் காலைக் கண்டார்? வெறுங்கண்ணே போதாதா?" என்பது அவர் வினா. நல்ல வினா. கபிலர் வாழ்ந்த நிலத்தில் குருகு அவர் காலடியில் நின்றது. நாமோ குளங்களைத் தூர்த்து வீடு கட்டினோம். எஞ்சிய நீரின் நடுவே பறவைகள் ஒதுங்கி நிற்கின்றன. இன்று அவற்றின் காலைக் காண வேண்டுமாயின் இரண்டே வழிகள் உள்ளன: நெருங்கிச் சென்று அவற்றைக் கலைத்தல் ஒன்று, தொலைவில் நின்று கண்ணாடியால் நோக்குதல் மற்றொன்று. கூடு கட்டியிருக்கும் பறவையை நாம் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். கண்ணாடி பறவையை நமக்கு அண்மையிற் கொணர்வதனால் மட்டும் சிறந்ததன்று. நம்மைப் பறவைக்குத் தொலைவில் நிறுத்துவதனாலும் சிறந்தது.

மற்றொருவர், விடுதிக் கட்டணம் கட்ட இயலாது சிலர் தவிக்கையில் இச்செலவு தகுமோ என்றார். அவ்வருத்தம் நேர்மையானது. அத்தவிப்பை யானும் அறிவேன். ஆயினும் இப்பொருள் இதற்கென்றே தரப்பட்டது. வேறு செலவுக்கு ஆகாது. ஆகவே நம் முன்னுள்ள கேள்வி, கட்டணத்துக்குத் திண்டாடும் அம்மாணவனுக்கும் இப்பொருளால் பயன் விளைவது எவ்வாறு என்பதே. நான்கு கருவிகளை நூல்நிலையத்தில் வைத்து, நூல்களைப் போலவே கையொப்பம் பெற்று இரண்டு நாள் தவணைக்குக் கொடுப்போமாயின், தன் வாழ்நாளில் அத்தகைய கருவியைத் தொட்டறியாத மாணவனும் சனிக்கிழமை விடியலில் அதனைத் தன் கழுத்தில் அணிவான்.

வாங்குமுன் தேர்ந்தறியும் முறைகளையும் கூறுவேன். இயன்றவரை கடைக்கே சென்று, கையிலெடுத்துப் பார்த்து வாங்குதல் வேண்டும். முதலாவது, கருவியைக் கண்ணினின்று ஒரு முழம் விலக்கி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்தால் கண்வில்லைகளில் இரண்டு ஒளிவட்டங்கள் தோன்றும். அவை முழு வட்டமாக இருத்தல் வேண்டும். ஓரங்கள் வெட்டுண்டு சதுரமாகத் தோன்றின் பட்டகம் தாழ்ந்தது. இரண்டாவது, முன்வில்லையில் விளக்கின் நிழலைப் பார்க்க. அது மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தோன்றின் பூச்சு நன்று. வெள்ளை வெளேரென்று தோன்றின் பூச்சில்லை. மாணிக்கச் சிவப்பாயின் கடையைவிட்டு வெளியேறுக. மூன்றாவது, எதிர்வீட்டுக் கூரை விளிம்பை நோக்கி, கருவியை மெல்லக் கண்ணினின்று விலக்குக. விளிம்பு ஒரே கோடாக நில்லாது படிபோல் முறியுமாயின் குழல்கள் பிறழ்ந்துள்ளன.

நான்காவது, வெளிறிய வானத்தின்முன் மின்கம்பி ஒன்றை நோக்குக. அதன் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கரைகட்டுவது எத்துணைக் குறைவோ அத்துணை நன்று. ஐந்தாவது, குவியம் திருத்தும் சக்கரம் விரலொன்றினால் வழுவழுப்பாகச் சுழல வேண்டும். தளர்ச்சியோ முரட்டுத்தனமோ கூடாது. ஆறாவது, மூக்குக்கண்ணாடி அணிவோர் கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இருக்கக்கூடிய இடைவெளி பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியையே தேர்க. ரப்பர் விளிம்பைத் தாழ்த்திவிட்டு, மூக்குக்கண்ணாடியோடே நோக்கி, முழு வட்டமும் தெரிகின்றதா என்று காண்க. ஏழாவது, நைட்ரசன் அடைத்து நீர் புகாவண்ணம் மூடப்பெற்றதா என்று கேட்க. நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லைகளுக்குள்ளே பூஞ்சணம் படர்வது பெருங்கேடு. எட்டாவது, கழுத்தில் மாட்டிக் கால் மணி நேரம் நிற்க. இவ்வளவினதாகிய கருவி அறுநூறு முதல் எழுநூறு கிராம் எடையிருக்கும். அஃது உமக்குப் பாரமாயின் எத்துணைச் சிறந்ததாயினும் அதனை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வீர். எச்சோதனையிலும் கதிரவனை மட்டும் நோக்கற்க. கணப்பொழுதிற் கண் கெடும்.

வாங்கியபின் செப்பமுறப் பொருத்திக்கொள்ளாமையால் நல்ல கருவியும் பழிக்கப்படுகின்றது. நடுக்கீலை மடக்கி, இரு வட்டமும் ஒரு வட்டமாகும்வரை கண்களின் இடைவெளிக்கு இணக்குக. வலக்குழலைக் கையால் மூடி, இடக்கண்ணால் ஒரு பொருளை நோக்கி, நடுச்சக்கரத்தாற் கூர்மையாக்குக. பின் இடக்குழலை மூடி, அதே பொருளை வலக்கண்ணால் நோக்கி, வலக் கண்வில்லையைச் சார்ந்த வளையத்தை மட்டும் திருப்புக. அவ்வளையம் நின்ற இடத்தை நினைவிற் கொள்க. அது உம் கண்களுக்கே உரிய அளவு. பறவையைத் தேடுங்கால் கண்ணைப் பறவையினின்று எடுக்காமலே கருவியைக் கண்ணுக்கு உயர்த்துதல் வேண்டும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுதல் வீண். வில்லையிற் படிந்த தூசியை முதலில் ஊதி நீக்கியபின்னரே மென்துணியால் துடைக்க வேண்டும். வேட்டி முனையாலும் சட்டை நுனியாலும் துடைப்பார் மேற்பூச்சைச் சுரண்டுபவர் ஆவர்.

இந்தியப் பறவைகளைப் பற்றிச் சாலிம் அலி எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. அத்தகைய நூலொன்றும் நல்ல கண்ணாடியொன்றும் சேர்ந்தால் சேற்றங்கரையில் ஓடும் உள்ளான்களைக்கூட ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறியலாம். ஒன்றன் தோளருகே வெண்பிறைபோல் ஓர் ஒளி ஏறியிருக்கும். மற்றொன்றன் கண்ணின்மேல் வெண்கோடு ஓடும், முதுகில் பொறிகள் சிதறியிருக்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் பழுப்பு நிறத்துச் சிறு பறவைகளே. அவற்றை வேறு வேறென அறிந்த நாளில் யான் அடைந்த இன்பம், கடினமானதொரு செய்யுளுக்குப் பொருள் விளங்கிய நாளில் அடைந்த இன்பத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று.

மன்றத்து நண்பர்களே, என் வேண்டுகோள் இது. ரூ.80,000 கொண்டு நான்கு 8×42 கருவிகள் வாங்குவோம். கடைக்கு மூவர் செல்வோம். அம்மூவருள் ஒருவரேனும் மூக்குக்கண்ணாடி அணிந்தவராக இருக்கட்டும். கருவிகளை அலமாரியிற் பூட்டாது நூல்நிலையத்தில் வைப்போம். முதலாண்டு மாணவர்க்கு முன்னுரிமை அளிப்போம். ஒன்று பழுதுற்றாலும் மூன்று எஞ்சும். வாத்து வந்திறங்கும் நேரத்தில் நால்வர் ஒருங்கே நோக்குவர், நால்வர் கண்டதைப் பிறர்க்குச் சொல்வர்.

என் பழைய ஐம்பது மடங்குக் கருவி இன்றும் என் பெட்டியில் உள்ளது. வருமாண்டின் கூட்டத்துக்கு அதனைக் கொணர்வேன். பெருக்கமே பெரிதென்பார் முதலில் அதன் வழியே நம் கல்லூரி வேம்பின்மேல் அமரும் மைனாவை நோக்கி, அதன் காலின் நிறம் யாதென்று கூறட்டும். கூறுவாராயின் யான் என் கட்சியைக் கைவிடுவேன்.